வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருடன் இணைய அழைப்பில் பேசுவது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி முடிந்துவிட்டன. பெற்றோர் கூட்டத்துக்கு வழக்கம்போல அம்மாவோ அப்பத்தாவோ வருவார்கள். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். இங்கே ஆசிரியர் அரைமணி நேரம் சொன்னது அவருக்குப் போய்ச் சேரும்போது "நல்லாத்தான் படிக்கிறானாம்" என்று ஒரு வரியாகிவிடுகிறது. அதனால் இந்த முறை வெளிநாட்டில் இருப்பவர்களும் வகுப்பாசிரியரோடு நேரடியாகப் பேச ஏற்பாடு செய்திருக்கிறோம். வாட்ஸ்அப் குரல் அழைப்பு, ஆளுக்குப் பத்து நிமிடம். இந்தப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் வீடுகளில் கப்பல் தபாலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் வேறு சில சங்கடங்கள் உண்டு.

முதலில் எண். வெளிநாட்டு எண்ணைச் சேமிக்கும்போது முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் வேண்டும்: சிங்கப்பூருக்கு 65, மலேசியாவுக்கு 60, அமீரகத்துக்கு 971, சவூதிக்கு 966. அங்கிருந்து பள்ளி எண்ணைச் சேமிப்பவர்கள் 91 சேர்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஆள் பெயரே வராது. ஊரில் எடுத்த எண்ணிலேயே வாட்ஸ்அப் வைத்திருந்தால் அதுவே போதும். இணைய இணைப்பு இருந்தால் சரி.

அமீரகத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போகும். அழைப்பு பொதுவாகப் போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியில் பேசலாம், ஆசிரியர் கைபேசியிலும் அதைப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என் செயலியைப் போட்டுப் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கப்போய் அந்த ஊர்ச் சட்டத்தில் சிக்குவானேன்?

நேரம்: சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை. நமக்குக் காலை 10 மணி என்றால் சிங்கப்பூர், மலேசியாவில் பகல் 12.30, துபாயில் காலை 8.30, சவூதியில் 7.30. சவூதியில் வெள்ளி, சனிதான் விடுமுறை என்பதால் அவர்களுக்குச் சனிக்கிழமை தோதுப்படும். சிங்கப்பூரில் பலருக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு.

பேசும்போது குரல் விட்டுவிட்டு வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். இணைய அழைப்பில் நம் குரல் விநாடிக்கு ஏறத்தாழ 50 சிறு துண்டுகளாகப் போகிறது. செய்தி என்றால் தாமதமாக வந்தாலும் முழுதாக வந்துவிடும். குரல் அப்படிக் காத்திருக்காது. நேரத்துக்கு வராத துண்டை விட்டுவிட்டுச் செயலி அடுத்ததைக் கேட்க வைக்கும். அதனால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். பெரிய வீடுகளில் வைஃபை பெட்டி முகப்பில் இருக்கும், அந்தக் கனமான சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு ஒன்றும் வராது. அடுப்படியிலிருந்து "ஹலோ ஹலோ" என்று கத்திப் பயனில்லை, முகப்புக்கு வந்துவிடுங்கள். டேட்டா குறைவாக இருந்தால் வாட்ஸ்அப் அமைப்புகளில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற வசதி இருக்கிறது. வீடியோ வேண்டாம். முகத்தைப் பார்க்க ஆசைதான், ஆனால் இணைப்பு இழுக்கும். அப்புறம் பாதி நேரம் "தெரியுதா, தெரியுதா" என்பதிலேயே போய்விடும்.

உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கரில் வரும் குரலை அங்குள்ள மைக்கே மறுபடி பிடித்து அனுப்புகிறது. அவர்களை இயர்போன் போடச் சொன்னால் தீர்ந்தது. குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால், எதிரில் இருப்பவர் முடித்தபின் ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஓடும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். போன பருவத்தில் ஆசிரியை ஒரு தகப்பனாரிடம், பையன் கணக்கில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். அந்த முனையில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "நான் அப்பவே சொன்னேனே, இவன் தேறமாட்டான்னு" என்றார். அந்தச் சத்தம் இங்கே ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் காதிலும் விழுந்தது. எழுந்து போய்விட்டான். பின்னங்கள் மட்டும்தான் அவனுக்கு வரவில்லை என்பதை ஆசிரியை சொல்லவே முடியவில்லை. அதனால் கூட யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழைப்பைப் பதிவு செய்வதானாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள், இரவு தனியாகப் பேசிக்கொள்ளலாம், அதற்குள் பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

இன்னொன்று, மிஸ்டு கால். ஒரு காலத்தில் காசை மிச்சம் பிடிக்கக் கொடுத்தோம், நியாயம். இணைய அழைப்பில் அதற்கு அர்த்தமே இல்லை. பாடம் நடக்கும்போது ஆசிரியர் கைபேசி துடித்துக்கொண்டே இருக்கிறது. "இப்போது பேசலாமா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள், பதில் வந்ததும் அழையுங்கள். எடுத்ததும் யார், எந்த வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் என்று சொல்லிவிடுங்கள், "யாருன்னு தெரியுதா?" என்று புதிர் போட வேண்டாம்.

பள்ளியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்துக் கட்டணமோ கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணோ கேட்டால் துண்டித்துவிடுங்கள். நாங்கள் எதையும் அழைப்பில் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இத்துடன் உள்ள சீட்டில் பேசுபவர் பெயர், நாடு, எண், தோதான நேரம் ஆகியவற்றை எழுதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கைபேசியில் இதையெல்லாம் அமைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலை 4.30க்குப் பள்ளிக்கு வந்தால் கணினி ஆசிரியர் செய்து தருவார். அப்பத்தாமார்களும் தயங்காமல் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்