கோட்டை பூட்டியிருக்கும் நாளில் கோட்டைப் பயணம் விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
புதுச்சேரி.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ‘கடலோர வரலாற்று ஊர்களும் பழைய வீடுகளும்’ ஒரு நாள் கார்ப் பயணம் – வாக்களித்தபடி நடத்தாமை – பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரியில் காலையில் கிளம்பி, பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பும் தங்கள் கார்ப் பயணத்துக்கு 9,500 ரூபாய் கட்டியிருந்தேன். கடந்த வெள்ளிக்கிழமை என் பெற்றோரை அழைத்துக்கொண்டு சென்று வந்தேன். பரங்கிப்பேட்டைக்கு வண்டி போகவே இல்லை. தரங்கம்பாடியில் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை பூட்டியிருந்தது. பழைய வீடுகள் என்று தாங்கள் விளம்பரப்படுத்தியவற்றில் ஒன்றின் திண்ணையில்கூட நாங்கள் கால் வைக்கவில்லை.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் முன்பதிவு செய்தபோது தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண்மணியிடம், “வெள்ளிக்கிழமை போனால் எல்லாம் திறந்திருக்குமா?” என்று கேட்டேன். “எல்லா நாளும் திறந்திருக்கும் சார், கவலைப்படாதீர்கள்” என்றார். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு கோட்டையை மையமாக வைத்துப் பயணத்தை விற்கும் நிறுவனம், அந்தக் கோட்டைக் கதவு என்றைக்குத் திறக்கும் என்பதைத் தன் ஊழியர்களுக்குச் சொல்லவில்லை என்றால், அந்தப் பிழை நிர்வாகத்தையே சேரும்.

என் தந்தை அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பணி ஓய்வு பெற்றவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம் முழுவதும் அவர் மனத்தில் இருந்த ஊர் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானியக் கிறித்துவ மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-இல் முடித்தார். ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். எழுத்தின் அளவைக் குறைத்தால் எத்தனை தாள் மிச்சமாகும் என்பது என் தந்தைக்கு விரல் நுனியில் தெரிந்த கணக்கு. அதனால்தான் அந்த ஊரைக் காண வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது முழங்கால் வலி. பஸ் மாறி மாறிப் போக முடியாது. தங்கள் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒன்றே காரணம்.

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி ஏழு மணி தாண்டி வந்தது. தாமதத்தை ஈடுகட்டவோ என்னவோ, பரங்கிப்பேட்டைக்குத் திரும்பாமல் நேராகச் சிதம்பரம் நோக்கிச் சென்றுவிட்டார்கள். நான் கேட்ட பிறகுதான், “அங்கே பார்க்க ஒன்றும் இல்லை” என்று வழிகாட்டி இளைஞர் சொன்னார். ஒன்றும் இல்லாத ஊரைத் துண்டறிக்கையில் படத்தோடு ஏன் அச்சிட்டீர்கள்? போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் வணிகம் செய்த துறைமுகம் அது. 1781-இல் மைசூர் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய களம். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை நடத்தினார். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாலும் எங்களுக்குப் போதும்.

‘வழியெங்கும் கடற்காட்சி’ என்றும் துண்டறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். கடலூரைத் தாண்டியபின் நெடுஞ்சாலை கடலிலிருந்து விலகி உள்நாட்டிலேயே போகிறது. பூம்புகார் சேரும்வரை நாங்கள் கடலைப் பார்க்கவில்லை. சாலை அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை. கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது அம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லி, அந்த அகலமான மணற்பரப்பையும் நடுவில் ஓடிய நீரையும் பார்த்துக்கொண்டே வந்தார். சீர்காழிப் பக்கத்து வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. உள்ளதை உள்ளபடி ‘ஆற்றுப் பாலங்களும் வயல்வெளிகளும்’ என்று எழுதியிருந்தாலும் நான் பணம் கட்டியிருப்பேன்.

பூம்புகாரில் நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை நிதானமாகப் பார்க்க நேரம் இல்லை என்று அவசரப்படுத்திய அதே வழிகாட்டி, அடுத்து எங்களைச் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்று ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துவிட்டார். பயணத் திட்டத்தில் அந்தக் கடை இல்லை. நாங்கள் எதுவும் வாங்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு அலமாரியாகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களுக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்கான பணத்தைத் தங்களுக்குக் கட்டியவன் நான். பரங்கிப்பேட்டைக்கு இல்லாத நேரம் கடைக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

சாப்பாடு முடிந்து தரங்கம்பாடியை அடைந்தபோது மணி நாலாகிவிட்டது. டேனிஷ் அரச முத்திரையோடு 1792-இல் கட்டிய நகர வாயிலின் வழியே உள்ளே போகும்போது என் தந்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். “திரும்பி வரும்போது பார்க்கலாம்” என்றார் வழிகாட்டி. திரும்பி வரும்போதும் நிறுத்தவில்லை. ராஜா வீதி முழுவதையும், தடித்த சுவரும் தூண் வைத்த தாழ்வாரமுமாக நிற்கும் அந்தப் பழைய வீடுகளையும், ஓடும் காரின் கண்ணாடி வழியாகவே பார்த்து முடித்தோம். ‘பழைய வீடுகளுக்குள் சென்று காணலாம்’ என்பது தங்கள் துண்டறிக்கையின் வாசகம். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். முன்னனுமதி வாங்கவில்லை என்றார். அவற்றில் பல, குடும்பங்கள் வசிக்கும் இடங்களாகவும் பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் இருக்கின்றன. அங்கே உள்ளே போக வேண்டுமென்றால் உரியவர்களிடம் முன்கூட்டியே பேசி நேரம் வாங்க வேண்டும். அந்த வேலையைச் செய்துதரத்தானே பயண நிறுவனம் இருக்கிறது? அதைச் செய்யாமல் அடுத்தவர் வீட்டின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வது அந்த வீட்டுக்காரர்களுக்கும் செய்கிற அநியாயம்.

பிறகு கோட்டை. கதவு பூட்டியிருந்தது. விடுமுறை அறிவிப்பைப் படித்த வழிகாட்டியே திகைத்து நின்றார். உள்ளே இருக்கும் டேனியர் கால ஆவணங்களையும் வாள்களையும் பீங்கான்களையும் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த என் தந்தை, ஒன்றும் சொல்லாமல் மதிலோரமாக நடக்கத் தொடங்கினார். அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, “இது டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை” என்று ஆரம்பித்தார் அந்த இளைஞர். டச்சுக்காரர் வேறு, டேனியர் வேறு. டச்சுக்காரரின் கோட்டைகள் பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. தரங்கம்பாடி, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்கும்வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஊர் டேனியரிடமே இருந்தது. இந்த ஒன்றைக்கூடச் சொல்லத் தெரியாதவரைத் தரங்கம்பாடிக்கு வழிகாட்டியாக அனுப்பலாமா?

உலகத்திலேயே முதல் தமிழ்ப் புத்தகம் அச்சானது இங்கேதான் என்று அடுத்து சொன்னார். அதைக் கேட்டு என் தந்தை நின்றுவிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். சீகன்பால்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அது நடந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை அதனால் குறையாது. அந்தப் பெருமை எது என்று தெரிந்து சொல்லும் ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் குறை. இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. முந்தைய நாள் மாலைதான் இந்தப் பயணத்துக்குப் போகச் சொன்னார்களாம். படிக்க எதுவும் கொடுக்கவில்லையாம்.

சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும் பூட்டியிருந்தது. மறுவருடமே இறந்துபோன அவருடைய கல்லறை அதற்குள் இருக்கிறது. என் தந்தை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவ்வழியே வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், ஆலயத்தைக் கவனித்துக்கொள்பவரின் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, காலையிலேயே சொல்லியிருந்தால் திறந்து வைத்திருப்பார், இப்போது வெளியே போயிருக்கிறார் என்றார். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலை மட்டும் அருகே போய்ப் பார்த்தோம். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அலை அரித்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் நிற்கிறது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அங்கிருந்தும் அழைத்துவிட்டார்கள்.

வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அனுப்பப்பட்ட காரின் நம்பர் பிளேட் வெள்ளை நிறத்தில் இருந்தது. வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் பிளேட்டும் அனுமதிச் சான்றும் வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். வயதான இருவரை ஏற்றிக்கொண்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போகிற பயணத்துக்கு இப்படி ஒரு வண்டியை எந்தத் துணிவில் அனுப்பினீர்கள்? ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார்; அம்மா ஏறி இறங்கும்போதெல்லாம் கை கொடுத்தார். அவருக்கு என் நன்றியைத் தெரிவித்துவிடுங்கள். வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்ல.

மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குப் பேசியபோது, “கோட்டையை வெளியிலிருந்து பார்த்தீர்கள் அல்லவா?” என்று கேட்டார்கள். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகவும் சொன்னார்கள். கூப்பன் எனக்கு வேண்டாம். கட்டணத்தில் பாதியான 4,750 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. வண்டி ஓடியது, சாப்பாடு நன்றாகவே இருந்தது, பூம்புகார்க் கடற்கரையைப் பார்த்தோம். பார்க்காதவற்றுக்கும் கடையில் பறிபோன நேரத்துக்கும் மட்டுமே கேட்கிறேன்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பயணத்தை வெள்ளிக்கிழமைகளில் விற்பதை உடனே நிறுத்துங்கள். உரியவர்களின் ஒப்புதல் பெற்ற பிறகு மட்டுமே வீடுகளுக்குள் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்யுங்கள்; இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். கடைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் அதை முன்கூட்டியே எழுதிச் சொல்லி, வேண்டாம் என்பவர்களை விட்டுவிடுங்கள். என் தந்தையைப் போல நெடுநாள் ஆசையோடு வருகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். எல்லாராலும் இன்னொரு முறை கிளம்பி வர முடியாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் சேவைக் குறைபாட்டுக்காகவும் தவறான விளம்பரத்துக்காகவும் நான் வசிக்கும் ஊரிலுள்ள நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வண்டியின் நம்பர் பிளேட் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தனியாக எழுத இருக்கிறேன்.

கட்டண ரசீது, தங்கள் துண்டறிக்கை, கோட்டைக் கதவின் புகைப்படம், காரின் நம்பர் பிளேட் தெரியும் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)