பொடி எழுத்தில் நீ எழுதியது

அன்புள்ள கமலா,

உன் கடிதத்தில் நாலு பக்கம் மகளின் கல்லூரிக் கதை. கடைசி மூலையில் பொடி எழுத்தில் ‘கொஞ்ச நாளாய் வெள்ளைப்படுகிறது, வாடையும் அடிக்கிறது, யாரிடமும் சொல்லாதே’. என் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

போன வருஷம் எனக்கும் இதே தொல்லை. பூஞ்சைத் தொற்றுதான் என்று நானே முடிவு கட்டி, எப்போதோ வாங்கி மிச்சமிருந்த க்ரீமைப் பத்து நாள் தடவினேன். வாடை போகட்டும் என்று சோப்புப் போட்டு உள்ளேயும் கழுவினேன். கழுவக் கழுவக் கூடியதுதான் மிச்சம். கடைசியில் டாக்டரிடம் போனால், வந்திருந்தது பூஞ்சையே இல்லை, பாக்டீரியா. யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து காவல் காக்கிறதாம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருந்தால் கெட்ட பாக்டீரியா எளிதில் அண்டாது. நானோ சோப்புப் போட்டு அந்தக் காவலையே விரட்டியிருக்கிறேன்! 7 நாள் மாத்திரையில் சரியானது.

வெள்ளைப்படுவதே நோய் இல்லை கமலா. கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று இழுபடும், பிறகு கெட்டியாகும். இத்தனை வருஷமாய் அதற்கும் நான் வீணாகப் பயந்திருக்கிறேன். வழக்கத்துக்கு மாறினால்தான் கவனிக்க வேண்டும். திரிந்த பால் போல் கட்டிகட்டியாக, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெள்ளையாக நீர்த்து, மீன் வாடை அடித்தால் எனக்கு வந்ததாக இருக்கலாம். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்தால் உடலுறவில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அப்படியானால் உன் வீட்டுக்காரரும் மருந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். ஆனால் பார்வையை மட்டும் நம்பி நான் ஏமாந்தேனே, நீ சோதனை செய்துகொள். உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது; அது கட்டுக்குள் இல்லையென்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதையும் டாக்டரிடம் சொல்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், இடையில் ரத்தக்கசிவு என்று ஏதாவது இருந்தால் நாளைக்கே கிளம்பு. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே க்ரீம் எதுவும் வைக்காதே, சோதனை முடிவு குழம்பும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

போய்விட்டு வந்து எழுது. இந்த முறை முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில்.

உன்,
வசந்தி