எட்டுச் சக்கர வண்டிக்கு எந்தப் பீரங்கி?

ஆசிரியருக்கு வணக்கம். நம் ராணுவத்துக்கென இங்கேயே உருவான எட்டுச் சக்கர 'வாப்' (WhAP) கவச வண்டியில் 105 மி.மீ. (குழல் வாயின் அகலம்) பீரங்கி வைத்தால் என்ன என்று உங்கள் கட்டுரை கேட்டது. இத்தாலியின் சென்டாரோ கவச வண்டியில் அது உண்டு. ஆனால் அந்த வண்டியே அதற்காக வடிவமைக்கப்பட்டது. அமெரிக்கர்கள் ஆளேற்றும் ஸ்டிரைக்கர் கவச வண்டியில் அதைப் பொருத்தினார்கள். தானாகக் குண்டு நிரப்பும் கருவி ஓயாமல் தொல்லை தர, 2022-க்குள் கைகழுவிவிட்டார்கள்.

பெண்ணையாற்று மணலில் லோடு லாரி புதைவதைப் பார்த்த எங்களுக்கு எடை என்ன செய்யும் என்று தெரியும். வாப் தண்ணீரில் நீந்தும் வண்டி. தலையில் பாரம் ஏற்றினால் நீச்சல் போச்சு!

என் ஓட்டு ஆளில்லா டரட்டுக்கு (வண்டியின் மேல் சுழலும் பீரங்கிக் கூடு; ஆள் உள்ளே வண்டியில் இருந்தபடியே இயக்குவார்): 30 மி.மீ. பீரங்கி, பக்கத்துக்கொரு ஏவுகணை. உள்ளே வீரர்களுக்கு இடமும் மிஞ்சும். பீரங்கி சிக்கிக்கொண்டால் மட்டும், சரிசெய்ய ஒருவர் வெளியே ஏறவேண்டிவரும்.

- ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக், கடலூர் முதுநகர்