காய்ச்சல் என்று எழுத வேண்டாம்: கடலூர் மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறுப்பினர்களே,

வணக்கம். கடலூரில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை நான். உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அதனால்தான் அதிகாரிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

பள்ளி நடக்கும்போதே பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கும் விசேஷங்களுக்கும் அழைத்துப் போகிறோம். மே மாதத்தில் ஊட்டி, கொடைக்கானல் அறை வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது, புரிகிறது. முகூர்த்தமும் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. தாய்மாமன் கல்யாணத்துக்குப் போகாதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் காதுகுத்துக்கும் சுற்றுலாவுக்கும் தேதி குறிப்பது நாம்தானே?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் வேண்டும் என்பதும் அதே சட்டம். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை அதில் கை வைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம். மழையில் போன நாளைச் சனிக்கிழமை வைத்து எல்லோருக்கும் ஈடுகட்டலாம். ஊருக்குப் போய் வந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் யார் ஈடுகட்டுவது? பின்னங்களின் வகுத்தலைத் தவறவிட்டவள் விகிதக் கணக்கு வரும்போது பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கேட்க வெட்கம்.

என்னை அதிகம் வருத்துவது விடுப்புக் கடிதம். 'காய்ச்சல் காரணமாக' என்று பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கிறோம். திருப்பதியில் மொட்டை போட்டு வந்த பையன், என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கடிதத்தை நீட்டுகிறான். உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைப் பள்ளிகள் போக்க வேண்டும்.

இங்கிலாந்தில் அனுமதியின்றி ஐந்து நாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றோருக்கு ஆளுக்கு 80 பவுண்டு அபராதம் விழலாம். அது நமக்கு வேண்டாம். வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் போவார், கூலி வேலைக்குப் போகும் வீடுதான் தவிக்கும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். காரணத்தை உள்ளபடி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் திட்டு இல்லை. அந்த நாட்களின் பாடத்தை ஆசிரியர் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். அக்டோபரிலிருந்து அரையாண்டுத் தேர்வு முடியும்வரை மட்டும், தள்ளிவைக்கக்கூடிய பயணங்களைப் பெற்றோர் தள்ளிவைக்க வேண்டும். தீர்மானம் வந்தால், என் வகுப்புக்கான வாரவாரிப் பாடப் பட்டியலை அன்றே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை, கடலூர்