டொமைன் பெயர் அமைப்பின் தொழில்நுட்ப விதிகளைத் திறந்த பொறியியல் அவைகளிடமே விட்டுவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெயர் சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பத் துறை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: டொமைன் பெயர் அமைப்பின் தொழில்நுட்பக் கொள்கையை வகுக்கும் பொறுப்பு குறித்து.

வணக்கம். இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டொமைன் பெயர் அமைப்பின் தொழில்நுட்ப விதிகளை அரசுகள் மட்டுமே வாக்களிக்கும் ஓர் உலக அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அதற்கு நமது அரசு ஆதரவு தரலாகாது என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

அதற்காக இந்தப் பொறுப்பைத் தனியார் நிறுவனங்களின் கையில் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2003 செப்டம்பரில், .காம், .நெட் பதிவேடுகளை நடத்திவந்த வெரிசைன் நிறுவனம், பதிவாகாத பெயரை யார் கேட்டாலும் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாகத் தன் சொந்தத் தேடல் பக்கத்தின் முகவரியைத் திருப்பித் தரத் தொடங்கியது. அனுப்புநரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துக் குப்பை அஞ்சலைத் தடுத்துவந்த மின்னஞ்சல் சர்வர்களுக்கு அந்தச் சோதனையே பயனற்றுப்போனது. உலகெங்கும் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். இணையப் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு வற்புறுத்தியதால் அக்டோபர் தொடக்கத்தில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தனித்து எடுத்த முடிவால் விளைந்த இதே கேடு, ஓர் அரசு தனித்து எடுக்கும் முடிவாலும் விளையும்.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. டொமைன் பெயர் அமைப்பின் உச்சிப் பட்டியலான ரூட் மண்டலத்தின் விடைகள் போலியல்ல என்று சரிபார்க்க உதவும் கையொப்பச் சாவியை மாற்ற, ஐகான் அமைப்பினர் 2017 அக்டோபர் 11 என்று நாள் குறித்திருந்தார்கள். பயனர்களுக்காகப் பெயர்களின் முகவரியைத் தேடித் தரும் சர்வர்களான ரிசால்வர்களில் கணிசமானவை புதிய சாவியை இன்னும் ஏற்கவில்லை என்பது அளவீடுகளில் தெரிந்ததும் மாற்றத்தை ஒத்திவைத்து, காரணங்களை ஆராய்ந்து, சரியாக ஓராண்டு கழித்துப் பெரிய இடையூறு இன்றி முடித்தார்கள். அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையில் எழுதப்பட்ட நாளாக அது இருந்திருந்தால், அதை மாற்ற இன்னொரு பேச்சுவார்த்தையே தேவைப்பட்டிருக்கும்.

பெயருக்கான உரிமைத் தகராறு, மோசடிப் பெயர்கள், நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவற்றில் அரசுக்கு முழு அக்கறையும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சர்வர் எப்படி விடை தர வேண்டும், அந்த விடை எப்படிக் கையொப்பமிடப்பட வேண்டும் என்பவை, எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை கண்டால் திருத்தப்பட வேண்டியவை. அந்த வேலையை, இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் திறந்த பொறியாளர் அமைப்பான ஐ.ஈ.டி.எஃப்.-இன் அவைகள் செய்துவருகின்றன, அங்கே உறுப்பினர் கட்டணமும் இல்லை, நாட்டுவாரி வாக்கும் இல்லை. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களே அங்கு மிகுதியாக வருகிறார்கள் என்ற குறை உண்மையானது. நமது பொறியாளர்களும் அங்கே போய் உட்கார்ந்தால்தான் அந்தக் குறை தீரும்.

ஆகவே, ஐகானின் அரசு ஆலோசனைக் குழுவுக்குத் தொழில்நுட்பம் அறிந்த அலுவலர்களைத் தொடர்ச்சியாக அனுப்பவும், ஐ.ஈ.டி.எஃப். கூட்டங்களில் நமது பல்கலைக்கழக, இணையச் சேவைப் பொறியாளர்கள் கலந்துகொள்ளப் பயணச் செலவு வழங்கவும், பெயர் சர்வர்களின் விடைகளை மாற்றச் சொல்லும் எந்தச் சட்ட வரைவையும் அவற்றை நடத்துபவர்களின் கருத்தை எழுத்தில் பெற்ற பின்னரே முன்வைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து நேரில் விளக்கத் தாங்கள் அழைக்கும் நாளில் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்