நீட்டிய கையை நறுக்கிவிடாதே

அன்புள்ள அம்முவுக்கு,

பாரிஸ் வீட்டுக் கூடத்தில் 1920களின் நடன அரங்கச் சுவரொட்டிகளை மாட்டப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று 50×70 ஃபிரேமை வாங்கிவிடாதே. பாதிப் பேர் கெடுத்துக்கொள்வது அங்கேதான்.

அந்தக் காலத்துப் பாரிஸ் சுவரொட்டியின் வழக்கமான அளவு 120×160 செ.மீ., அதாவது மூன்றுக்கு நான்கு. 50×70 என்பது ஐந்துக்கு ஏழு. ஏ2 தாளும் ஏறக்குறைய அதே கணக்குதான். 70 செ.மீ. உயரத்துக்குப் படம் 52.5 அகலம் வரும். மிஞ்சும் இரண்டரை செ.மீ.யை அச்சுக்கடையில் இரு பக்கமும் நறுக்குவார்கள், அல்லது படத்தை இழுத்து ஒல்லியாக்குவார்கள். அந்த ஓவியர்களோ ஆடுபவளின் விரல் நுனியையும் இறகையும் தாளின் ஓரம்வரை கொண்டுபோயிருப்பார்கள். ஓரம் போனால் ஆட்டமே நின்றுவிடும்.

அதனால் 45×60இல் அச்சிட்டு, 60×80 ஃபிரேமில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி ஓரமாக நிற்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) வைத்துப் போடு. மவுண்டின் ஜன்னல் 44.4×59.4 இருக்கட்டும். பக்கத்துக்கு 3 மி.மீ. படத்தின் மேல் ஏறி நிற்கும், தாள் வெளியே நழுவாது. பக்க ஓரங்கள் 7.8, மேலே 9.8, கீழே 10.8. கீழே ஒரு செ.மீ. கூட்டாவிட்டால் படம் சரிந்து இறங்குவதுபோல் கண்ணுக்குப் படும். அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தால் அதை மறைக்காதே. ஜன்னலைப் பெரிதாக வெட்டச் சொல்.

அச்சுக்கான கோப்பு 3543×4724 பிக்சலாவது இருக்க வேண்டும். அது அங்குலத்துக்கு 200 புள்ளி. சுவரில் பார்க்கும் தூரத்துக்குப் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம். இவை கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், தட்டையான வண்ணமாக வந்தவை. சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள, பளபளக்காத மேட் பருத்தித் தாள்தான் பொருந்தும். மை பிக்மென்ட் (நிறமித் துகள்) வகையா என்று கேள். டை (சாய) மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். "ஆட்டோ கரெக்‌ஷன்" போடவேண்டாம் என்றும் சொல்லிவிடு. அது பழுப்புத் தாளை வெள்ளையாக்கி, செங்கல் சிவப்பை ஆரஞ்சாக மாற்றிவிடும். அச்சானதும் வெறும் தாளால் மூடி ஒரு நாள் உலரவிடு, இல்லாவிட்டால் மையின் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படியும். மேட் தாளில் பெரிய கறுப்புப் பரப்பு விரல் பட்டாலே தேயும். ஓரத்தைப் பிடித்தே தூக்கு.

ஒட்டும்போது நான்கு மூலையிலும் டேப் போடாதே. ஈரத்தில் தாள் விரியும், நகர இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கீல், அதாவது படத்தைத் தொங்கவிடும் சிறு பட்டைகள், ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு. அடிப்பலகை அமிலமில்லாததாக இருக்கட்டும். 60×80க்கு 2 மி.மீ. கண்ணாடி 2.4 கிலோ, அதே தடிமன் ஆக்ரிலிக் 1.1 கிலோ சொச்சம். ஆக்ரிலிக்கே நல்லது, அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் மட்டும் துடைக்காதே, மெல்லிய விரிசல் ஓடும்.

ஃபிரேமின் நடு தரையிலிருந்து 148 செ.மீ. இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு 188இல் வரும். பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து, 188இலிருந்து கழி. 8 செ.மீ. என்றால் கொக்கி 180இல். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு கொக்கி போடு, சாயாது. கம்பியை அளக்கும்போதும் இரண்டு விரலால், கொக்கிகளுக்கு நடுவே விடப்போகும் இடைவெளியிலேயே பிடித்து இழு. வெளிச்சுவர் குளிர்காலத்தில் வியர்க்கும், ஹீட்டருக்கு மேலே தாள் காயும். உள் தடுப்புச் சுவரே சரி. ஒட்டுப்பட்டைகளை நம்பாதே, பழைய பெயிண்ட் பட்டையோடு உரிந்து வந்தால் உன் முன்பணத்தில்தான் பிடிப்பார்கள்.

படத் தேர்வு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஓவியர் பால் கொலன் 1925இல் ‘ரெவ்யூ நெக்ர்’ நிகழ்ச்சிக்கு வரைந்தது அச்சுக்கலையாகப் பார்த்தால் அபாரம். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின நடனக்காரி ஜோசஃபின் பேக்கரைப் பாரிஸுக்கு அறிமுகப்படுத்திய நிகழ்ச்சி அது. ஆனால் முன்னால் நிற்கும் இரண்டு கறுப்பின ஆண்களின் தடித்த சிவப்பு உதடு கேலிச்சித்திர வழக்கம். உன் வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிடவேண்டும், யோசித்துக்கொள். 2021இல், பிரான்ஸ் தன் பெருமக்களை நினைவுகூரும் பான்தியோனில் இடம்பெற்ற பேக்கரை அந்தப் படத்தில்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. 1930இல் கசினோ தெ பாரி அரங்குக்காக ஸிக் என்ற ஓவியர் வரைந்த சுவரொட்டியும் உண்டு. கொலன் இறந்தது 1985இல். பிரான்சில் அவர் படங்களின் பதிப்புரிமை 2055 முடியும்வரை நீடிக்கும். மலிவு விலையில் விற்பவர்களிடம் உரிமம் கேட்டுப் பார். மேடைப் பாடகி மிஸ்தாங்கெத்துக்கு வரைந்த ஷார்ல் ஜெஸ்மார் 1928இலேயே போய்விட்டார். அவர் படங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் தேடு.

சேந்த்-உவான் பழம்பொருள் சந்தையில் யாராவது "அசல்" என்று நீட்டினால் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார். பூப்போல வட்டமாக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் பிற்கால இயந்திர (ஆஃப்செட்) மறுஅச்சு. கல்லச்சில் மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற புள்ளிகள்தான் தெரியும்.

சோபா 180 செ.மீ. என்றாய். அதற்கு மேலே 60 அகல ஃபிரேம் இரண்டு, நடுவே 6 செ.மீ. விட்டால் 126, போதும், மூன்றாவது வேண்டாம். ஒருத்தி இடப்பக்கமும் ஒருத்தி வலப்பக்கமும் பார்த்தால், பார்வை உள்நோக்கி வரும்படி மாட்டு. ஃபிரேமுக்குப் பணம் கட்டுமுன் சுவரின் அளவையும் பகல் 3 மணி வெளிச்சத்தில் ஒரு படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா