மாப்ளே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூன்று வாரமாகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் நலம், பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது. அம்மாவின் முட்டிவலி தேவலையா? நெட்டையின் கல்யாணத்துக்கு வர முடியாதது எனக்கு இன்னும் வருத்தம்தான், அவனிடம் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளித் தாளாளர் உன்னை ஏ.ஓ., அதாவது நிர்வாக அலுவலர், நாற்காலியில் உட்காரச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பதினெட்டு வருடம் விசிலும் கையுமாக நின்ற பி.டி. சார் இனிமேல் ஃபீஸ் பாக்கியும் வேன் டீசல் பில்லும் பார்க்க வேண்டும். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கணக்குப் பரீட்சையில் குட்டையின் பேப்பரைப் பார்த்து எழுதியவனாயிற்றே நீ! அப்புறம் இந்த ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். சிரிப்பு போய்விட்டது.

பாப் ஹர்லி. இங்கே அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் செயின்ட் அந்தோணி என்று ஒரு சின்னக் கத்தோலிக்கப் பள்ளி இருந்தது. 1972-இல் அவர் அதன் கூடைப்பந்து டீமுக்குத் தலைமை கோச் ஆனார். பிழைப்புக்கு நன்னடத்தை அலுவலர் வேலை. வழக்கில் மாட்டிய பையன்களைப் பகலில் பார்ப்பார், பந்தோடு வரும் பையன்களைச் சாயங்காலம் பார்ப்பார். பள்ளிக்குச் சொந்தமாக உள்ளரங்க ஆடுகளம் கூடக் கிடையாது. நான் இட்லி அரிசி வாங்கப் போவேனே நியூவார்க் அவென்யூ, அதே தெருவில்தான் வைட் ஈகிள் ஹால் இருக்கிறது. பிங்கோ என்ற எண் விளையாட்டு நடந்த அந்த மண்டபத்தில்தான் பல வருடம் பிராக்டிஸ். இப்போது அங்கே இசைக் கச்சேரி நடக்கிறது. போன சனிக்கிழமை அரிசிப் பையோடு அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மழை விட்டதும் சாக்கால் துடைத்துவிட்டு ஆடுவோமே, நம் சிமெண்ட் தரை, அதுதான் கண்ணில் நின்றது.

அந்த மண்டபத்திலிருந்து வந்த டீம் 1,184 ஆட்டம் ஜெயித்தது, மாப்ளே! தோற்றது 125 மட்டும். 28 மாநிலப் பட்டம். கூடைப்பந்து ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் 2010-இல் ஹர்லியைச் சேர்த்தார்கள். கல்லூரிகள் கூப்பிட்டும் போகவில்லை. அவர் மகன் டான் ஹர்லிதான் 2023, 2024 இரண்டு வருடமும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த கோச்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கடைசிக் காலத்தில் ஹர்லி அந்தப் பள்ளிக்கே தலைவரானார். பிள்ளைகள் கட்டும் ஃபீஸ் செலவுக்குப் போதாது. மீதியை வருடா வருடம் நன்கொடையாகத் திரட்டினால்தான் கதவு திறந்திருக்கும். ஊரே கொண்டாடிய மனிதர் பள்ளிக்காகக் கை நீட்டினார். அப்படியும் 2017-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். 28 பட்டத்தால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அதனால் கேட்கிறேன், தாளாளர் உன்னிடம் கணக்கைக் காட்டினாரா? மூன்று வருட வரவு செலவைக் கேள். பிள்ளைகள் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, வாத்தியார்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போகிறதா, பார். பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. நாளைக்குக் காசு இல்லையென்றால், முகம் தெரிந்தவன் நீதான் என்று பெற்றோர் உன் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

கணக்கு சரியாக இருந்தால் ஒத்துக்கொள். எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்று தெரிந்த ஆள் அந்த ஆபீசில் இருப்பது நல்லதுதான். ஆனால் சாயங்கால கோச்சிங் என்னுடையது என்று முதல் நாளே சொல்லி, எழுதியும் வாங்கிவிடு. ஹர்லி தலைவரான பிறகும், பள்ளி மூடும் வரைக்கும், கோச்சாகவே இருந்தார்.

ஞாயிறு ராத்திரி உன் நேரம் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் கணக்கைக் கேட்டு வாங்கி வை, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

உன்,
லெஃப்ட் ஹேண்ட்